தையல்நாயகி வாசலில் துளிர்த்த தேர்

பூவிலுப்பை ஊர்க்காரர்கள் இன்றைக்கும் ஒரு கல்யாணத்தைப் பற்றியோ ஒரு பிள்ளை பிறந்ததைப் பற்றியோ பேசும்போது, அது தேர் துளிர்ப்பதற்கு முன்னாலா பின்னாலா என்று சேர்த்தே சொல்வார்கள். அந்த வருஷத்துப் பங்குனித் தேரோட்டத்தில், பூவிலுப்பைநாதர் ஏறியிருந்த தேர் கீழவீதியிலும் தெற்கு வீதியிலும் ஒழுங்காக ஓடி, மேலவீதிக்குள் திரும்பி, வடம் பிடித்தவர்கள் மோர் குடிப்பதற்காகக் கொஞ்சம் நின்று, மறுபடியும் "நாதா, நாதா" என்ற சத்தத்தோடு கிளம்பி, இட்லி மாவு அரைத்து விற்கும் தையல்நாயகியின் வீட்டுக்கு நேராக வந்ததும் நின்றது. நின்றது நின்றதுதான்.

வடம் பிடித்தவர்கள் உள்ளங்கை உரியும்வரை இழுத்தார்கள். பின்சக்கரத்துக்கு மரம் கொடுத்து நெம்பினார்கள். பக்கத்து ஊரிலிருந்து மண் அள்ளும் வண்டியைக் கொண்டுவந்து கட்டி இழுத்ததில் இரும்புச் சங்கிலிதான் அறுந்தது, தேர் அசையவில்லை. களைத்துப்போய் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது, வலது முன்சக்கரத்தில் செம்பு நிறத்தில் நாலைந்து துளிர் விட்டிருந்தது. அடுத்த சில நாளில் நான்கு சக்கரங்களும் தெருவுக்குள் வேர் இறக்கின, தேரின் தூண்களெல்லாம் கிளைகளாயின, குழாய் போலத் தொங்கிய சீலைத் தொம்பைகளுக்கு நடுவில் இலைக்கொத்துகள் தலைநீட்டின, பூவும் வைத்தது. மரத்தை வெட்டித் தேராகச் செய்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. ஆனாலும் இலுப்பை மரத்தில் செய்த தேர் இலுப்பையாகத் துளிர்த்ததில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. புளியாகத் துளிர்த்திருந்தால் அல்லவா ஆச்சரியப்பட வேண்டும். ஏன் இந்த வாசலில் என்பதுதான் ஊரைத் தூங்கவிடாத கேள்வி.

ஏனென்றால் தையல்நாயகி, ஆறு வருஷமாகக் கோயில் பக்கமே போகாதவள். அவளுடைய ஒரே மகள் அபிராமசுந்தரி, எட்டு வயதுக் குழந்தை, ஒரே ராத்திரிக் காய்ச்சலில், இதே போன்ற ஒரு தேர் நாளின் விடியற்காலையில் செத்துப்போனாள். அன்றிலிருந்து தையல்நாயகி நாதரைக் கும்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. வீட்டில் அவர் படம் இருந்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டினாள். தேர் வரும் நாளில் முன்கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து உளுந்து புடைப்பாள். ஊருக்கு இது தெரியும். ஊர் இதைப் பற்றிப் பேசாது. அவள் அரைக்கும் மாவு நன்றாகப் புளிக்கும் என்பதால் எல்லாரும் அவளிடமே வாங்குவார்கள்.

ஆனால் தேர் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பிறகு பேசாமல் இருக்க முடியுமா?

முதலில் ஊர் தேருக்குப் பழகிக்கொண்டது. நாதரை இறக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோகலாம் என்றால், பீடத்தைச் சுற்றி மெல்லிய வேர்கள் கட்டியிருந்தன. சுவாமியைச் சுற்றிய வேரை வெட்ட யாருக்குக் கை வரும்? அதனால் நீலகண்ட குருக்கள் காலையிலும் மாலையிலும் ஏணி போட்டு ஏறி அங்கேயே பூஜை செய்தார். மின்வாரியத்துக்காரர்கள் வந்து கம்பியைக் கிளைக்கு மேலே தூக்கிக் கட்டிவிட்டுப் போனார்கள். டவுன் பஸ் வடக்கு வீதி வழியாகச் சுற்றிப் போனது. கண்டக்டர் "மரத்தேர் இறங்கு" என்று சொல்லத் தொடங்கினார். பூக்கடையும் கரும்புச்சாறு வண்டியும் வந்தன. வவ்வால்கள் வந்தன, அவற்றைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், அவர்கள் கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைத் தின்னக் குரங்குகள் வந்தன. இலுப்பைப் பூ தெருவெல்லாம் கொட்டி, தித்திப்பு வாசனை ஊரையே ஒரு பாகுச் சட்டிக்குள் வைத்தது போல இருந்தது. அந்தக் கோடையில்தான் முதன்முறையாகத் தையல்நாயகியின் முன்கூடத்தில் நிழல் விழுந்தது. அவள் ஊறவைத்த அரிசியில் ஜன்னல் வழியாகப் பூ வந்து விழும். அவள் எடுத்து வெளியே போடுவாள்.

அதற்குள் இன்னொன்றும் நடந்தது. வடக்கு பார்த்து நின்ற தேர், தொட்டிச் செடி வெளிச்சம் பார்த்துத் திரும்புவது போல ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, ஒரு காலையில் நாதரின் முகம் நேராகத் தையல்நாயகியின் கதவைப் பார்த்தபடி இருந்தது.

"ஏ தையலு, ஒன் வீட்டையே பாத்துக்கிட்டிருக்காருடி!" என்று அடுத்த வீட்டுப் பிரேமா சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கத்தினாள்.

"பாத்தா பாத்துட்டுப் போறாரு. நீ மாவு எத்தனை கரண்டின்னு சொல்லு."

"எனக்கு வேர்த்துக் கொட்டுது, இவளுக்கு மாவு!"

மேலவீதியில் புதிதாகப் போட்ட பந்தலில் புலவர் சிவக்கொழுந்து ஐயா தினமும் மாலையில் ஒலிபெருக்கி வைத்து, நாதர் ஏன் நின்றார் என்று விளக்கினார். முதல் நாள், இந்த வீட்டில் ஒரு புண்ணியவதி இருக்கிறாள் என்றார். உடனே பெண்கள் வந்து தையல்நாயகியின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, மாவைப் பிரசாதம் என்று வாங்கிப் போனார்கள். மறுநாள், பூமிக்கு அடியில் பழைய லிங்கம் இருக்கிறது என்றார். உடனே நாலு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். அடுத்த நாள், இந்த வீட்டில் ஒரு பாவம் இருக்கிறது என்றார்.

"ஐயா, முந்தாநேத்துப் புண்ணியம்னீங்களே?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"அது முந்தாநாள் பொருள். ஆழமாகப் போகப் போகப் பொருள் மாறும்" என்றார் அவர். ஊர் தலையாட்டியது. கடவுளைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் நம் ஊரில் இருக்கிறாரே என்று பெருமையாகவும் இருந்தது.

புண்ணியமும் லிங்கமும் சீக்கிரம் மறந்துபோயின. பாவம் மட்டும் நின்றுவிட்டது. தேர் நிலைக்குத் திரும்பாமல் திருவிழா முடியாது, திருவிழா முடியாமல் கோயில் கொடியை இறக்க முடியாது, கொடி ஏறியிருக்கும்வரை ஊரில் ஒரு கல்யாணம் கிடையாது. பெண்ணுக்கு நாள் குறித்தவர்களுக்கெல்லாம் கோபம். அவர்கள் அறங்காவலர் ரத்தினசபாபதியை அழைத்துக்கொண்டு தையல்நாயகியின் வீட்டுக் கொல்லை வழியாக வந்தார்கள். முன்வாசலில்தான் தேர் நிற்கிறதே.

ரத்தினசபாபதி நல்லவர். சத்தம் போட மாட்டார். "தங்கச்சி, பெரிசா ஒண்ணும் வேணாம். வெள்ளிக்கிழமை காலையில ஒரு தட்டுல தேங்கா பழம் வெச்சு, முன்கதவைத் தொறந்து, வாங்க சாமின்னு ஆரத்தி எடுத்து, தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அவரு எறங்கி வந்துடுவாரு."

"என்ன தப்புன்னு சொல்லணும்?" என்றாள் தையல்நாயகி.

அவர் தரையைப் பார்த்தார். பெண்ணுக்கு நாள் குறித்துவிட்டுப் பின்னால் நின்ற ஒருவர்தான் சொன்னார்: "தப்பு இல்லாமலா அந்தச் சின்னப் புள்ள போச்சு?"

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் மறுத்தால் வேறு வழி யோசிக்க வேண்டும் என்றும், வீட்டின் முன்பாதியை இடித்து இடம் பண்ணி, வேரைத் தோண்டி எடுத்து, தேரைப் பெயர்க்க வேண்டியிருக்கும் என்றும் அவர்கள் அவளுடைய கணவன் அம்பலவாணனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்பலவாணன் கடை வைத்து, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிறவன். நாள் முழுக்கச் செம்புக் கம்பியோடு இருந்து இருந்து அதிகம் பேசாதவன். அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "ஒரு வார்த்தைதானே தையலு. சொல்லிட்டா வீடாச்சும் மிஞ்சும்."

"சொன்னா, அவ செத்ததுக்கு நான்தான் காரணம்னு ஆயிடும்."

"யாரு அப்படி நெனைக்கப் போறா?"

"நான் நெனைப்பேன்."

அவன் அதற்கு மேல் சாப்பிடவில்லை.

நீலகண்ட குருக்களிடம் போய், பாவமா புண்ணியமா நீங்களாவது சொல்லுங்கள் என்று ஊர் கேட்டது. நாற்பது வருஷமாகத் தினமும் நாதரைக் குளிப்பாட்டித் துவட்டுகிறவர் அவர். "எனக்குத் தெரியலையே" என்றார். அதனால் அவரை யாரும் மதிக்கவில்லை. இப்போது கிளைகள் பீடத்தை நெருக்கமாக மூடிக்கொண்டதில் அவரால் உள்ளே கை நீட்டவும் முடியவில்லை. கீழேயிருந்தே கற்பூரம் காட்டினார். ஊரோ வெள்ளிக்கிழமை ஆரத்திக்கான ஏற்பாட்டைக் கூட்டிக்கொண்டே போனது. இரண்டு செட் நாதஸ்வரம் வந்தது, வாழைமரம் கட்டினார்கள், வண்ண விளக்கில் 'வருக வருக' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். வரவேற்பு போதவில்லையோ என்று பயந்து அதிர்வேட்டும் போட்டார்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் வேர் இன்னும் கொஞ்சம் ஆழம் போனது.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம், வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. நாதஸ்வரக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் பந்தலில் தூங்கினார்கள். குரங்குகள்கூடத் தூங்கின. தையல்நாயகி கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையைக் கழுவி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இத்தனை நாளும் சாத்தியிருந்த முன்கதவைத் திறந்தாள். தட்டு எடுக்கவில்லை. சண்டை போடத்தான் போனாள். என்ன பேச வேண்டும் என்று காலையிலிருந்தே மனதுக்குள் அடுக்கிவைத்திருந்தாள். அதில் ஒரு வார்த்தைகூட மரியாதையானது இல்லை.

கதவைத் திறந்து நிமிர்ந்து பார்த்தாள். இலைகளுக்கு நடுவே நாதர் இருந்தார். மாலை வாடித் தொங்கியது. நெற்றிச் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. பட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது, சரிசெய்ய ஆளில்லை. பாதி மூடிய கண்கள் வாசற்படியைப் பார்த்தபடி இருந்தன. எவ்வளவு நேரமானாலும் எழுந்து போகாமல், எதுவும் பேசவும் தெரியாமல், அப்படியே இருந்தார்.

அவளுக்கு வாயில் வந்தது நின்றுபோனது. இந்த உட்கார்வை அவள் பார்த்திருக்கிறாள். எத்தனையோ சாவு வீடுகளில் பார்த்திருக்கிறாள். தாமதமாகச் சேதி தெரிந்து, வெளியூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, கசங்கின சட்டையோடு உள்ளே நுழைந்து, ஆறுதல் சொல்ல வார்த்தை வராமல், தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த உட்கார்வு.

துக்கம் கேட்க வந்தவரை யாரும் 'வாங்க' என்று சொல்ல மாட்டார்கள். ஆரத்தி எடுக்க மாட்டார்கள். மேளம் வைக்க மாட்டார்கள். கூப்பிடாமல் வருவார்கள், கேட்காமல் உட்காருவார்கள். பூவிலுப்பையில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. தெரிந்திருந்தும் ஊர் முழுவதும் அவர் தலைக்கு மேலே 'வருக வருக' என்று விளக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தது.

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அபிராமசுந்தரி செத்த அன்று இந்த வாசலுக்கு யாரும் வரவில்லை. தேர்வீதியில் பிணம் கிடந்தால் கோயில் நடை திறக்கக்கூடாது, தேர் கிளம்பக்கூடாது. அதனால் வெயில் ஏறுவதற்குள் குழந்தையைக் கொல்லைப்புறமாகவே எடுத்துப் போகச் சொன்னார்கள். ஊரில் எல்லார் கையிலும் திருவிழாக் காப்பு. காப்புக் கட்டியவர்கள் துக்க வீட்டுக்குள் நுழையக்கூடாது. காப்பு அவிழ்த்த பிறகு போகலாம் என்று இருந்தார்கள். அவிழ்த்த பிறகு, இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று இருந்துவிட்டார்கள். அன்று குளித்துவிட்டு ஈரத்தலையோடு அவள் நின்றபோது இந்தத் தேர் மேளத்தோடு வாசலைத் தாண்டிப் போனது. அதற்கும் நிற்க வழியில்லை. நேரம் குறித்து இழுத்தார்கள், போனது.

இப்போது, யார் இழுத்தும் போகாமல், வந்து உட்கார்ந்திருக்கிறது.

துக்க வீட்டுக்காரர் முதலில் பேச வேண்டும் என்பதும் வழக்கம்தான். வந்தவர் ஒவ்வொருவரிடமும், எத்தனை பேர் வந்தாலும், நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கேட்க ஆள் வந்தால்தானே.

"சாயந்திரம் நல்லாத்தான் இருந்தா" என்று தையல்நாயகி சொன்னாள். செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். "சாயந்திரம் நல்லாத்தான் இருந்தா. ரெண்டு தோசை சாப்பிட்டா. மூணாவது போடவான்னேன், வேணாம்மா வாய் கசக்குதுன்னா. நெத்தியைத் தொட்டா கொதிக்குது. கஷாயம் வெச்சுக் குடுத்தேன், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், ஊசி போட்டாங்க, மாத்திரை குடுத்தாங்க, காலையில பாக்கலாம்னாங்க. என் மடியிலதான் படுத்திருந்தா. அம்மா, நாளைக்குத் தேரு பாக்க என்னத் தூக்கி நிறுத்துவியான்னா. நிறுத்துறேண்டி கண்ணுன்னேன். பச்சைப் பாவாடை போட்டு விடுன்னா. விடியக்காலம் கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. அவளை எழுப்பினேன்..."

ஆறு வருஷமாக எங்கேயோ கட்டிக்கிடந்த அழுகை, அவள் வயிற்றிலிருந்து எழும்பி, தொண்டையைக் கிழித்துக்கொண்டு, மேலவீதி முழுவதும் கேட்கிற மாதிரி வந்தது.

பிரேமா தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்தாள். என்ன ஆச்சு என்று கேட்க வாயெடுத்தவள், வாசற்படியையும் எதிரே நாதர் இருந்த இருப்பையும் பார்த்தாள். கேட்கவில்லை. தையல்நாயகியின் அருகில் உட்கார்ந்து, அவள் தோளைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து அழத் தொடங்கினாள். எதிர்வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அவர்களும் கேட்கவில்லை. வந்து வந்து உட்கார்ந்தார்கள். யாரும் 'வாங்க' என்று சொல்லவில்லை. தையல்நாயகி ஒவ்வொருத்தியிடமும் "சாயந்திரம் நல்லாத்தான் இருந்தா" என்று முதலிலிருந்து சொன்னாள். ஒவ்வொரு தடவையும் தோசையும் வந்தது, பச்சைப் பாவாடையும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கொஞ்சமாக அவள் தூக்கக்கூடிய எடைக்கு வந்தது.

வீட்டை இடிக்க அளவு பார்ப்பதற்காக ரத்தினசபாபதி நாலு பேரோடு வந்தார். தெருமுனையிலேயே அவர் நடை தளர்ந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஆண்கள் உட்காரும் பக்கமாகப் போய் அம்பலவாணனுக்குக் கையைக் கொடுக்கத் தேடினார். அவர் மனதுக்குத் தெரியாதது அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது. யாரோ ஓடிப்போய்க் கடையிலிருந்து அம்பலவாணனைக் கூட்டிவந்தார்கள். செம்புத்தூள் ஒட்டிய அவன் கையை ரத்தினசபாபதி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விடவில்லை. பந்தலில் விழித்துக்கொண்ட நாதஸ்வரக்காரர்கள் வாத்தியங்களை உறையில் போட்டுக் கட்டினார்கள். 'வருக வருக' விளக்கை யாரோ அணைத்தார்கள்.

எல்லாரும் முந்தானையிலும் துண்டிலும் முகத்தைப் புதைத்திருந்த நேரம் அது. எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. முதலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் பிரேமாதான். எதிரே, வடக்கு வீதி திரும்பும் முனைவரை தெரு நீளமாக, வெளிச்சமாகத் தெரிந்தது. தேர் இல்லை. குழி இல்லை, விரிசல் இல்லை. வேர் இறங்கிய இடத்தில் மண் ஈரமாக மட்டும் இருந்தது. சக்கரம் உருண்ட சத்தத்தை ஒருவரும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் கோயில் பக்கமிருந்து நீலகண்ட குருக்கள் ஓட்டமும் நடையுமாக வந்து, நாதர் நிலையில் வந்து நிற்கிறார், தலைக்கு மேலே இலையெல்லாம் அப்படியே இருக்கிறது என்று சொன்னார். சொல்லிவிட்டு, அழுதுகொண்டிருந்தவர்களைப் பார்த்து, ஒன்றும் விளங்காமலே அவரும் உட்கார்ந்துகொண்டார்.

மாலைச் சொற்பொழிவுக்கு வந்த சிவக்கொழுந்து ஐயா வெறும் தெருவைப் பார்த்துத் திகைத்து நின்றார். "எங்கே அவர்? எப்போது போனார்? ஏதாவது அறிகுறி காட்டினாரா? அசரீரி கேட்டதா? யாரிடமாவது சொல்லிக்கொண்டு போனாரா?"

தையல்நாயகி மூக்கைச் சிந்திவிட்டு அவரைப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது. முகம் மட்டும் குளித்து எழுந்தது போல இருந்தது.

"துக்கம் கேக்க வந்தவங்க சொல்லிட்டா போவாங்க, ஐயா?" என்றாள்.

புலவர், ரத்தினசபாபதி நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தார்.

அன்று தையல்நாயகியின் வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று பிரேமா சொல்லிவிட்டாள். துக்க வீட்டுக்கு அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுவர வேண்டும். மேலவீதியில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தூக்கில் ரசமும் பருப்புத் துவையலும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் வந்து கூடத்தில் நிறைந்தன. பிரேமா இலையைப் போட்டுப் பிசைந்து, "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று வழக்கப்படி கெஞ்சினாள். வழக்கப்படி தையல்நாயகி வேண்டாம் என்று தலையாட்ட வேண்டும். அவள் ஆட்டவில்லை. இலையை அருகில் இழுத்துக்கொண்டு, நிறையச் சாப்பிட்டாள். பிறகு நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துடி" என்றாள்.